தேர்வுக்குப் பணம் கட்டும் முன்: பிரெஞ்சு மதிப்பெண்ணை நீங்களே கணிப்பது எப்படி?

பிரெஞ்சுத் தேர்வுக்குப் பதிவு செய்யப் போகும் எல்லோருக்கும் உள்ள கேள்வி, "எழுதினால் தேறிவிடுவேனா?" என்பதுதான். வகுப்பாசிரியர் "எழுதிப் பார்க்கலாமே" என்பார். கூடப் படிக்கும் நண்பர் "இன்னும் ஆறு மாசம் போகட்டும்" என்பார். இரண்டையும் வைத்துக்கொண்டு தேதி குறிக்க முடியாது. கட்டணம் சிறிய தொகை அல்ல. கனடாவுக்கு விண்ணப்பிப்பவருக்கோ மேற்படிப்புக்குப் போகிறவருக்கோ ஒரு தேர்வு தவறினால் சில மாதங்கள் கையை விட்டுப் போகும்.

இந்த அத்தியாயத்தின்படி செய்தால் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்குக்கும் தனித்தனியாக ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் உங்களிடம் இருக்கும். மொத்தத்தைப் பார்த்து மகிழாதீர்கள். மிகப் பலவீனமான திறனின் கீழ் எல்லைதான் உங்கள் உண்மையான நிலை. தேதியைக் கீழ் எல்லைகளை வைத்துத்தான் குறிக்க வேண்டும்.

## 1. எந்தத் தேர்வு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு தேர்வின் மதிப்பெண் கணக்கு இன்னொன்றுக்குப் பொருந்தாது. சிங்கப்பூரில் உள்ளவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எழுத நினைக்கிறார்கள்.

டெல்ஃப். ஏ1, ஏ2, பி1, பி2 என நான்கு நிலைகள் கொண்டது. அதற்கு மேலே சி1, சி2 நிலைகளுக்கு டால்ஃப் இருக்கிறது. எந்த நிலையை எழுதுவது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். நான்கு பகுதிகளுக்கும் தலா 25, மொத்தம் 100. தேற 50 வேண்டும்; எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் பிரெஞ்சை மூன்றாம் மொழியாகப் படிக்கும் பிள்ளைகள் தனியாக ஒரு சான்றிதழ் வேண்டுமென்றால், பதின்ம வயதினருக்கு ஏற்ற தலைப்புகள் கொண்ட டெல்ஃப் வடிவமும் உண்டு.

டிசிஎஃப் கனடா. இதில் தேர்ச்சி, தோல்வி கிடையாது. எல்லோரும் ஒரே தாளை எழுதுவார்கள். உங்கள் நிலை எது என்பதைத் தாள் சொல்லும். கேட்டலும் வாசித்தலும் 699-க்கு, எழுத்தும் பேச்சும் 20-க்கு. முடிவு 2 ஆண்டுகளுக்குச் செல்லும். கனடாவின் விரைவு நுழைவுத் திட்டத்துக்கு டெல்ஃப் சான்றிதழை ஏற்க மாட்டார்கள். அதற்கு டிசிஎஃப் கனடா அல்லது டெஃப் கனடாதான் வேண்டும்.

டெல்ஃப், டிசிஎஃப் இரண்டின் வினாத்தாள்களிலும் பிரான்ஸின் அரசு நிறுவனமான ஃபிரான்ஸ் எஜுகாசியோன் இன்டர்நேஷனலின் கைதான் இருக்கிறது. சிங்கப்பூரில் விசாரிக்க வேண்டிய இடம் 1 சார்க்கீஸ் சாலையில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸ். லிட்டில் இந்தியாவிலிருந்து டவுன்டவுன் ரயில் பாதையில் அடுத்த நிலையமான நியூட்டனில் இறங்கினால் நடந்து போய்விடலாம். எந்தத் தேர்வு எந்த மாதம், தாளிலா கணினியிலா, கட்டணம் எவ்வளவு என்பவை மாறக்கூடியவை. நேரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

> குறிப்பு: எழுத்துத் தேர்வு கணினியில் என்றால், பிரெஞ்சு எழுத்துகளின் மேல்குறிகளை எந்த விசைப்பலகையில் தட்டுவது என்றும் அப்போதே கேளுங்கள். பழகாத விசைப்பலகை தேர்வறையில் நேரத்தைத் தின்னும்.

## 2. தயார் செய்ய வேண்டியவை

- இதுவரை நீங்கள் பார்க்காத மூன்று முழு மாதிரித் தாள்கள். டெல்ஃப் மாதிரிகள் தேர்வு நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். டிசிஎஃப் பயிற்சிகள் டிவி5மோந்த் தளத்தில் உள்ளன.
- கடிகாரம், பென்சில், சிவப்புப் பேனா.
- ஒலிபெருக்கி. தேர்வறையில் ஒலிபெருக்கியில்தான் ஓடும் என்று நிலையம் சொன்னால் காதில் மாட்டும் கருவியை வைத்துப் பயிற்சி செய்யாதீர்கள்.
- உங்கள் பேச்சைப் பதிவு செய்யக் கைப்பேசி.
- உங்கள் எழுத்தைத் திருத்த உங்களைவிடப் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த ஒருவர்.

கடைசியில் சொன்ன ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் சிரமம். அதற்காக விட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரத் தனி வகுப்புக்குப் பணம் கொடுத்து, பாடம் வேண்டாம், இரண்டு கட்டுரைகளைத் திருத்தி மதிப்பெண் மட்டும் போட்டுத் தாருங்கள் என்று கேட்கலாம். தேர்வைத் திரும்ப எழுதும் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம்.

## 3. மாதிரித் தேர்வை நடத்தும் வரிசை

1. நாளைக் குறியுங்கள். வார வேலை முடிந்து களைத்து வந்த இரவு வேண்டாம். உங்கள் ஓய்வு நாளின் காலை நேரம் நல்லது.
2. இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வாசிப்புக்கும் எழுத்துக்கும் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம் போன்ற அமைதியான இடம் போதும். கேட்டலையும் பேச்சையும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள். ஞாயிறு மாலை சிராங்கூன் ரோட்டுக் கூட்டத்தின் நடுவிலோ தேக்கா உணவங்காடியிலோ கேட்டுப் பழகுவது காதுக்கு நல்ல பயிற்சிதான். அங்கே வாங்கிய மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.
3. நேரத்தை அப்படியே கடைப்பிடியுங்கள். டெல்ஃப் பி2: கேட்டல் சுமார் 30 நிமிடம், வாசித்தல் 1 மணி, எழுத்து 1 மணி, பேச்சு 30 நிமிடத் தயாரிப்புக்குப் பின் 20 நிமிடம். டிசிஎஃப் கனடா: கேட்டல் 35 நிமிடம், வாசித்தல் 60, எழுத்து 60, பேச்சு 12.
4. ஒலியை நிறுத்தி நிறுத்திக் கேட்காதீர்கள். டிசிஎஃப் தேர்வில் ஒவ்வொன்றும் ஒரே தடவைதான் ஒலிக்கும். டெல்ஃப் பி2-இல் முதல் இரண்டு பதிவுகள் இரண்டு தடவை. மூன்றாம் பயிற்சியின் குறும்பதிவுகள் ஒரு தடவை.
5. ஊகித்த விடைக்கு அருகில் கேள்விக்குறி போடுங்கள். விடை தெரிந்து எழுதியதா, கண்ணை மூடிக் குறித்ததா என்பது அந்த நொடியில் உங்களுக்கு மட்டுமே தெரியும். பிறகு நினைவுக்கு வராது.
6. விடைத்தாளை மறுநாள் திருத்துங்கள். களைப்போடு திருத்தும்போது கை தாராளமாகிவிடும்.

## 4. கேட்டலும் வாசித்தலும்: இரண்டு எல்லைகளும் எப்படி வரும்?

விடை தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றைக் குறிக்கத்தான் வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அதனால் உங்கள் மதிப்பெண்ணில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். அதைப் பிரித்தெடுக்கும் வழி இது.

- மேல் எல்லை: சரியான எல்லா விடைகளின் மதிப்பெண்.
- கீழ் எல்லை: தெரிந்து எழுதிச் சரியானவற்றின் மதிப்பெண்ணோடு, கேள்விக்குறி போட்ட எல்லாக் கேள்விகளின் மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கைச் சேர்த்தது. கேள்விக்கு மூன்று தெரிவுகள் மட்டும் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு.

### டெல்ஃப் எழுதுபவருக்கு

கணக்கு நேரானது. பி2 கேட்டலிலும் வாசித்தலிலும் மூன்று பயிற்சிகளுக்கு முறையே 9, 9, 7 மதிப்பெண். ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு என்பது தாளிலேயே இருக்கும். கூட்டினால் 25-க்கு எவ்வளவு என்று வந்துவிடும்.

### டிசிஎஃப் எழுதுபவருக்கு

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 39 கேள்விகள் எளியதிலிருந்து கடினமானதற்குப் போகும். எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் இல்லை. பயிற்சி எடுப்பவர்களிடையே பரவலாகப் புழங்கும் கணக்கு இது:

- கேள்வி 1 முதல் 4 வரை: தலா 3
- 5 முதல் 10 வரை: தலா 9
- 11 முதல் 19 வரை: தலா 15
- 20 முதல் 29 வரை: தலா 21
- 30 முதல் 35 வரை: தலா 26
- 36 முதல் 39 வரை: தலா 33

கூட்டினால் சரியாக 699 வரும். இதை உத்தேசத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அலுவல்முறை முடிவு சில புள்ளிகள் முன்பின்னாக இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. கேட்டலில் ஒருவர் 39-க்கு 29 சரியாக எழுதியிருக்கிறார். விழுக்காட்டில் 74. "699-இல் 74 விழுக்காடு என்றால் 517, கனடாவின் என்சிஎல்சி அளவுகோலில் 8 வந்துவிட்டது" என்று அவர் நினைக்கலாம். கேள்வி கேள்வியாகப் பார்ப்போம்.

- முதல் 4-இல் 4 சரி: 12
- அடுத்த 6-இல் 6 சரி: 54
- அடுத்த 9-இல் 8 சரி: 120
- அடுத்த 10-இல் 7 சரி: 147
- அடுத்த 6-இல் 3 சரி: 78
- கடைசி 4-இல் 1 சரி: 33

மொத்தம் 444. கேட்டலில் என்சிஎல்சி 7-க்கு 458 வேண்டும். ஆக அவர் இருப்பது 6-இல்.

அடுத்தது அதிர்ஷ்டக் கணக்கு. கடைசி 10 கேள்விகளும் அவருக்கு வெறும் ஊகம் என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் மொத்த மதிப்பு 288. நான்கில் ஒரு பங்கு 72. மற்றவற்றில் வாங்கிய 333-உடன் சேர்த்தால் கீழ் எல்லை 405. அவருடைய கேட்டல் 405 முதல் 444 வரை.

இந்தக் கணக்கு என்ன படிக்க வேண்டும் என்பதையும் காட்டிக்கொடுக்கிறது. 20 முதல் 29 வரையிலான கேள்விகளில் தவறவிட்ட மூன்றையும் சரிசெய்தால் 63 கூடும். அப்போது கீழ் எல்லையே 468 ஆகி 458-ஐத் தாண்டிவிடும். கடைசி நான்கு கேள்விகளின் அதிவேகப் பேச்சோடு இவர் மல்லுக்கட்டத் தேவையில்லை. பி2 அளவிலான வானொலி உரையாடல்களை விடாமல் கேட்டால் போதும்.

என்சிஎல்சி 7-க்குத் தேவையானவை: கேட்டல் 458, வாசித்தல் 453, எழுத்து 10, பேச்சு 10. நான்கிலும் 7 வந்து, ஆங்கிலத்தில் குறைந்தது 5 இருந்தால் விரைவு நுழைவில் 50 கூடுதல் புள்ளிகள் கிடைக்கும். ஒன்றில் 6 வந்தாலும் அந்தக் கூடுதல் புள்ளி கிடைக்காது.

## 5. எழுத்து: நீங்களே திருத்தாதீர்கள்

சொந்த எழுத்தில் தவறு கண்ணில் படாது. எழுத நினைத்ததுதான் தெரியும், எழுதியது தெரியாது. இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. குறித்த நேரத்துக்குள், அகராதி இல்லாமல் எழுதுங்கள்.
2. சொற்களை எண்ணுங்கள். இரண்டு இடைவெளிகளுக்கு நடுவில் இருப்பது ஒரு சொல். மேற்குறியால் (அபாஸ்ட்ரஃபி) ஒட்டி எழுதுவதும் ஒன்றுதான். டெல்ஃப் பி1-க்குக் குறைந்தது 160 சொல், பி2-க்கு 250. டிசிஎஃப் கனடாவில் முதல் பணிக்கு 60 முதல் 120, இரண்டாவதற்கு 120 முதல் 150, மூன்றாவதற்கு 120 முதல் 180.
3. திருத்துபவரிடம் கீழே உள்ள ஐந்து கேள்விகளையும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் 5-க்கு மதிப்பெண் கேளுங்கள். தேர்வாளர்கள் பார்க்கும் அம்சங்களை வீட்டுப் பயன்பாட்டுக்காகச் சுருக்கிய பட்டியல் இது.
   - கேட்டதற்கெல்லாம் பதில் இருக்கிறதா?
   - பத்திகள் ஒன்றோடொன்று தொடர்கின்றனவா?
   - யாருக்கு எழுதுகிறோமோ அவருக்கு ஏற்ற மரியாதை இருக்கிறதா?
   - சொல்வளம் அந்த நிலைக்குப் போதுமா?
   - இலக்கணம் சரியா?
4. வேறொருவரிடமும் அதே கட்டுரையைக் கொடுங்கள். இருவர் போட்டதில் குறைந்தது கீழ் எல்லை, கூடியது மேல் எல்லை. டிசிஎஃப் எழுதுபவர்கள் 25-க்கு வந்ததை 20-க்கு மாற்றிக்கொள்ளலாம்.

> கவனம்: மூன்றாவது அம்சத்தில் நம்மவர்களுக்கு எளிதாக மதிப்பெண் கிடைக்க வேண்டும். "நீ", "நீங்கள்" வேறுபாடு பிறந்ததிலிருந்து நம் நாக்கில் இருக்கிறது. ஆனால் பிரெஞ்சை ஆங்கிலம் வழியாகப் படிப்பதால் அது மறந்துபோகிறது. நகர மேயருக்கு எழுதும் கடிதம் "வூ" (நீங்கள்) என்று தொடங்கும். நான்காவது வரியில் "து"வுக்கு (நீ) இறங்கிவிடும். எழுதி முடித்ததும் இதற்காக மட்டும் ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.

## 6. பேச்சு: பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள்

1. தலைப்புச் சீட்டுகளைக் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுங்கள். பிடித்த தலைப்பைப் பொறுக்காதீர்கள்.
2. தயாரிப்பு நேரத்தைத் தாண்டாதீர்கள். டிசிஎஃப் கனடாவின் மூன்று பணிகளில் இரண்டாவதற்கு மட்டுமே 2 நிமிடத் தயாரிப்பு உண்டு. மற்ற இரண்டுக்கும் உட்கார்ந்ததும் பேச வேண்டும்.
3. எதிரில் ஒருவரை உட்காரவைத்து மறுத்துப் பேசச் சொல்லுங்கள். டெல்ஃப் பி2-இல் நீங்கள் கருத்துச் சொன்ன பின் தேர்வாளர் விவாதத்துக்கு இழுப்பார். தனியாகக் கண்ணாடி முன் பேசியவர்கள் தடுமாறும் இடம் அது.
4. மறுநாள் பதிவைக் கேட்டு மூன்றை மட்டும் எண்ணுங்கள்: 5 நொடிக்கு மேற்பட்ட மௌனங்கள், ஆங்கிலச் சொல் நுழைந்த இடங்கள், பாதியில் கைவிட்ட வாக்கியங்கள்.
5. பதிவை ஆசிரியரிடம் கொடுத்து 25-க்கோ 20-க்கோ மதிப்பெண் கேளுங்கள். அவர் உங்களுக்குப் பழகியவர் என்றால் அதில் 2 குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உச்சரிப்பு அவர் காதுக்குப் பழகிப்போயிருக்கும். தேர்வாளர் முதல் முறையாகக் கேட்பார்.

## 7. நான்கையும் சேர்த்து முடிவெடுப்பது

மூன்று மாதிரித் தேர்வுகளையும் முடித்த பின் ஒவ்வொரு திறனுக்கும் மிகக் குறைந்த கீழ் எல்லையையும் மிகக் கூடிய மேல் எல்லையையும் ஒரே தாளில் எழுதுங்கள். டெல்ஃப் பி2 எழுதப்போகும் ஒருவரின் தாள் இப்படி இருக்கலாம்:

- கேட்டல்: 11 முதல் 15
- வாசித்தல்: 15 முதல் 18
- எழுத்து: 10 முதல் 13
- பேச்சு: 12 முதல் 15

மேல் எல்லைகளைக் கூட்டினால் 61. கீழ் எல்லைகளைக் கூட்டினால் 48. தேறவும் செய்யலாம், ஒரு கெட்ட நாளில் தவறவும் செய்யலாம் என்பதுதான் இதன் பொருள்.

- கீழ் எல்லைகளின் கூட்டுத்தொகை 55-க்கு மேல், எந்தத் திறனும் 8-க்குக் கீழே இல்லை: பதிவு செய்யுங்கள்.
- 45 முதல் 55 வரை: தேர்வு இரண்டு மாதத்துக்கு அப்பால் இருந்தால் பதிவு செய்யலாம். மிகக் குறைந்த இரண்டு திறன்களுக்கே உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் கொடுங்கள்.
- 45-க்குக் கீழே: ஒரு நிலை கீழே எழுதுங்கள், அல்லது அடுத்த தேர்வு வரை பொறுங்கள்.

டிசிஎஃப் கனடாவுக்கு மொத்தம் பார்க்கத் தேவையில்லை. நான்கு கீழ் எல்லைகளும் நான்கு இலக்குகளைத் தொட்டிருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

## 8. வழக்கமாகச் செய்யும் தவறுகள்

- பார்த்த தாளையே மறுபடி எழுதுவது. இரண்டாம் முறை கூடுவது நினைவாற்றலின் மதிப்பெண்.
- மிகச் சிறந்த ஒரு முடிவை மட்டும் எடுத்துக்கொள்வது. மூன்றும் சேர்ந்ததுதான் உங்கள் நிலை.
- பழைய வடிவத் தாள்கள். டெல்ஃப் கேட்டல், வாசித்தல் தாள்கள் 2020 முதல் படிப்படியாக முழுத் தெரிவு வினாக்களாக மாறிவிட்டன. பழைய புத்தகத்தின் எழுதி விடையளிக்கும் கேள்விகளை வைத்துக் கணித்தால் முடிவு பிசகும்.
- வகுப்பு நிலையைத் தேர்வு நிலையாக நினைப்பது. பி2 வகுப்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் அந்த நிலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.
- பேச்சைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. கூச்சத்தால் தள்ளிப்போடும் திறன்தான் பெரும்பாலும் கடைசியில் காலை வாரும்.

## 9. பாதுகாப்பு

- மதிப்பெண்ணுக்கு உத்தரவாதம் தருவதாகவோ வினாத்தாளை முன்கூட்டியே தருவதாகவோ சொல்லும் யாருக்கும் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். பிடிபட்டால் முடிவு ரத்தாகும். குடியேற்ற விண்ணப்பத்தில் பொய்ச் சான்று கொடுத்ததாகவும் ஆகிவிடும்.
- கடப்பிதழில் உள்ள பெயரையே பதிவிலும் எழுதுங்கள். அப்பா பெயர், முதலெழுத்து, பெயர் வரிசை என்று நம் பெயர்களில் குழப்பம் வர வழி அதிகம். கட்டணம் கட்டுமுன் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.
- கடப்பிதழின் படத்தைத் தேர்வு நிலையத்துக்கு மட்டுமே அனுப்புங்கள். படிப்புக் குழுக்களில் பகிராதீர்கள்.
- தேர்வறையில் ஏர்கான் குளிர் கடுமையாக இருக்கலாம். மெல்லிய மேலங்கி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

## 10. நான்கு வாரத் திட்டம்

1. முதல் வாரம்: முதல் மாதிரித் தேர்வை எழுதுங்கள். எழுத்தைத் திருத்துபவரிடம் கொடுங்கள்.
2. இரண்டாம் வாரம்: மிகப் பலவீனமான திறனில் மட்டும் வேலை. கேட்டல் என்றால் ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியில் தொடங்கி வழக்கமான செய்திக்கு ஏறுங்கள். ரயிலில் போகும் நேரமே இதற்குப் போதும்.
3. மூன்றாம் வாரம்: இரண்டாம் மாதிரித் தேர்வு. எல்லைகளுக்கு இடையிலான இடைவெளி குறைந்திருக்கிறதா பாருங்கள். கீழ் எல்லை ஏறினால் உண்மையான முன்னேற்றம். மேல் எல்லை மட்டும் ஏறினால் ஊகம் பலித்திருக்கிறது.
4. நான்காம் வாரம்: மூன்றாம் மாதிரித் தேர்வு. நான்கு கீழ் எல்லைகளையும் எழுதி, 7-ஆம் பகுதியின் அளவுகோலோடு ஒப்பிட்டு, அந்தத் தாளோடு பதிவு மேசைக்குப் போங்கள். தாள் பொறுத்திருக்கச் சொன்னால் பொறுத்திருங்கள். அடுத்த தேர்வுக்கு எந்தத் திறனில் எத்தனை மதிப்பெண் ஏற்ற வேண்டும் என்பது அதே தாளில் எழுதியிருக்கிறது. மறுநாளே படிப்பைத் தொடங்கிவிடலாம்.